பொறுங்க மேடம்

நின்றுவிட்டது என்று யார் சொன்னது? இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே பிறந்தவரோ என்று, அவர் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். லிஃப்ட் வந்து கதவு திறந்ததும் எல்லோரும் முண்டியடித்து உள்ளே போவார்கள். அவர் மட்டும் வாசலில் ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார். பின்னால் வருபவர் முதுகில் மோதுவார். "பொறுங்க" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். லிஃப்டின் தரையும் கட்டடத்தின் தரையும் சமமாக இருக்கின்றனவா என்று கண்ணால் அளந்த பிறகே கால் உள்ளே போகும்.

பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் பாதியில் அணைந்தால் மற்றவர்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போவார்கள். இவர் அதன் அடியில் குனிந்து எந்த ஊர்த் தயாரிப்பு என்று படிப்பார். "இதுக்கு நேரம் வச்சவன் கையை நனைச்சே பாத்ததில்ல போல" என்பார்.

தொழிற்சாலைகளில் அவரைப் 'பொறுங்க மேடம்' என்பார்கள். முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர். அவருக்கு அது தெரியும். இன்னும் சொல்லப்போனால், அந்தப் பெயர் பரவ அவரே ஒரு காரணம். அவருடைய கருவிப் பையில் சிவப்புப் பூட்டு ஒன்று இருக்கும். வேலை செய்யும்போது இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் இருக்கும் துளையில் அதை மாட்டிப் பூட்டுவார். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே இருப்பவன் சுவிட்சைப் போட்டுவிடாமல் இருக்க அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் பூட்டில் தங்கள் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். இவர் வெள்ளை டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டி, அதன்மேல் 'பொறுங்க' என்று எழுதி வைத்திருந்தார். சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று மகள் கேலி செய்வாள்.

தொழில் இன்னதென்று சொல்லிவிடலாம். பெரிய இயந்திரங்களின் மூளையாக, இரும்புப் பெட்டிக்குள் ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் ஏணிப் படிகள் போல வரைந்த நிரலாக இருக்கும். கன்ட்ரோலர் பழசாகி, உதிரி கிடைக்காமல் போகும்போது வேறொரு நிறுவனத்தின் புதிய கன்ட்ரோலரை வைப்பார்கள். பழைய ஏணியைப் புதிய பெட்டிக்குப் புரியும்படி மாற்றி எழுத வேண்டும். அந்த மாற்றி எழுதும் வேலைதான் மேடத்துக்கு.

மற்ற படிகளெல்லாம் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் வந்துவிடும். டைமர் வராது. காத்திருக்கச் சொல்லும் படி அது. ஒரு பெட்டியில் அறுநூறு என்று எழுதினால் ஒரு நிமிடம். பக்கத்து நிறுவனத்தின் பெட்டியில் அதே அறுநூறுக்கு ஆறு நொடிதான். ஒன்று ஏறுமுகமாக எண்ணும். இன்னொன்று இறங்குமுகமாக எண்ணும். "எல்லாரும் அறுநூறு அறுநூறுன்னுதான் சொல்றான். எதுல அறுநூறுன்னு ஒருத்தனும் சொல்றதில்ல" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் புலம்பல். வீட்டில் இது வேறு மாதிரித் திரும்பி வரும். "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று தொலைபேசியில் சொன்னால், மகள் கேட்பாள்: "எந்தக் கம்பெனி ரெண்டு நிமிஷம்மா?"

அவர் இனிமையானவர் என்று சொன்னால் அது பொய். கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் வயது பார்க்கமாட்டார். சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் பேசி முடிக்குமுன் குறுக்கே விழுவார். பொறுமையைப் பெயராக வைத்திருப்பவருக்கு அந்தப் பொறுமை மனிதர்களிடம் இல்லை. ஒருமுறை புட்டி மூடும் இயந்திரம் ஒன்றில் காரணம் தெரியாத காத்திருப்பு ஒன்று இருந்தது. அதை எடுக்கமாட்டேன் என்று மூன்று பேரோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் விசாரித்தால், முன்பு எழுதியவர் சோதனைக்காகப் போட்டு எடுக்க மறந்தது அது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி, இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல" என்று சொல்லித் தன் கையாலேயே அழித்தார்.

அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி விளக்கு தானாக அணையும் வகை. யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்து அதன் நேரத்தைக் கூட்டி வைத்துவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன மேடம், விளக்கு அணையவே மாட்டேங்குது?"

"அணையும். மூணாவது மாடித் தாத்தா கம்பை ஊன்றி வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்தினதும் அணையும்."

"எல்லாரும் தாத்தாவா மேடம்?"

"நீங்க வேகமா ஏறுறீங்க, நல்லதுதான். உங்களுக்கு எதுக்குங்க விளக்கு?"

செயலாளர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேடத்தைப் பார்த்தால் வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு அவரைக் கொண்டுவந்தவர் அவருடைய அண்ணன். சின்ன நிறுவனம், அண்ணனுடையது. வாடிக்கையாளர் முன்னால் தங்கையை 'மேடம்' என்பார், தனியே இருக்கும்போது 'பாப்பா'. தனியே இருக்கும்போதும் 'மேடம்' என்றால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று பொருள். அண்ணனின் எழுத்து அழகு. ஒரு படிக்கு இரண்டு படி எழுதமாட்டார். தங்கையின் ஏணியைப் பார்த்தால் "என்ன பாப்பா இது, பரண்மேல சாமான் அடுக்கின மாதிரி" என்பார். அதில் உண்மை உண்டு. மேடம் எழுதியதைப் படிப்பது சுகமான வேலை இல்லை.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைத் தொழிற்சாலையில் நடந்ததைச் சொன்னால் இருவரும் விளங்குவார்கள்.

அங்கே துணி பிழியும் பெரிய உருளை ஒன்று. இரும்புக் கதவு, உள்ளே பார்க்கக் கண்ணாடி கிடையாது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் உருளை உடனே நிற்காது, தன் பாரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கதவுப் பூட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் விடுபடும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். உருளை நின்றதா என்று நேராக உணரும் சென்சார் அதில் இல்லை. மேடம் முதல் நாளே கேட்டார். "அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்றார் மேனேஜர். ஆக, உருளைக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்தது ஒரு டைமர்தான்.

அந்த இயந்திரத்தை ஓட்டுபவரை எல்லோரும் 'டிரம் அக்கா' என்பார்கள். முழங்கை வரை ரப்பர் உறை, முன்னால் பை தைத்த மேலங்கி. சுற்றிலும் பத்து இயந்திரங்கள் அலறும் கூடத்தில் பூட்டு விடுபட்டதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று மேடம் அவரைக் கேட்டார்.

"டக்னு கேட்டா கை போகும்மா" என்றார் டிரம் அக்கா. "நான் போறதில்ல, கை போகும். நான் பாட்டுக்குப் பக்கத்து ஆளுகிட்டப் பேசிட்டு இருப்பேன்."

மேடம் அந்தக் கையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பழைய நிரலில் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு தலைகீழாக எழுதப்பட்டிருந்தது. நேராக எழுதுவது எளிது: உருளை ஓடும்வரையும், நின்றபின் ஒரு நிமிடமும், பூட்டைப் பிடித்துவைக்கும் டைமர் ஒன்று போதும். பழைய ஆள் அப்படிச் செய்யவில்லை. உருளை ஓடாமல் இருக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டே வந்து, ஒரு நிமிடம் நிறைந்தால் மட்டும் பூட்டை விடு என்று சுற்றி வளைத்திருந்தார். புதிய கன்ட்ரோலருக்கு மாற்றும்போது அண்ணன் அதை நிமிர்த்தி, ஒரே படியில் அழகாக எழுதிவிட்டார்.

"எதுக்கு அவன் தலைகீழா எழுதினான்?" என்று அலுவலகத்திலேயே மேடம் கேட்டார்.

"அந்தப் பழைய பெட்டியில நேர் டைமரே கிடையாது பாப்பா. வேற வழி இல்ல, எழுதினான். நமக்குத்தான் இருக்கே."

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். அவன் ஒரு நிமிஷம், நானும் ஒரு நிமிஷம்."

அண்ணன் சொன்னதில் தவறில்லை, மின்சாரம் இருக்கும்வரை. மின்சாரம் போய்த் திரும்பும்போது கன்ட்ரோலருக்கு அதுதான் பிறந்த நேரம். சற்று முன் உருளை ஓடியது அதற்கு நினைவில்லை. ஒன்றும் தெரியாமல் கண் விழிக்கிற அதனிடம் கதவை என்ன செய்வது என்று கேட்டால் என்ன சொல்லும்? தலைகீழ் ஏணி சொல்லும்: ஒரு நிமிடம் அமைதியாக இருந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை, திறக்கமாட்டேன். நேரான ஏணி சொல்லும்: காத்திருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, திறந்துவிடுகிறேன். மின்சாரம் இருக்கையில் ஒன்றுபோலவே நடக்கும் இரண்டு ஏணிகளுக்கும் நடுவே, யார் எதை நிரூபிக்க வேண்டும் என்ற பழைய வழக்கு ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு அது இவ்வளவு தெளிவாக அன்று தெரிந்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஏதோ உறுத்தியது, அவ்வளவுதான்.

சோதனை நாளன்று உருளையை ஓட்டி, பொத்தானை அழுத்தி நிறுத்தினார்கள். ஒரு நிமிடம். டக். மறுபடி ஓட்டினார்கள். ஒரு நிமிடம். டக். மேனேஜர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரம் அக்கா ஈரத் துணிகளை உருளைக்குள் போட ஆரம்பித்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்றார் மேடம். "ஓடும்போது மெயினை இறக்கிட்டு உடனே ஏத்தணும்."

மேனேஜர் முகம் சுருங்கியது. "ஓடும்போதா? இவ்வளவு பாரத்தோட? ஆஸ்பத்திரி வண்டி வெளிய நிக்குது மேடம்."

"இங்க கரன்ட் போறதே இல்லையா?"

"போகும். ஜெனரேட்டர் இருக்கு. மூச்சு விடறதுக்குள்ள வந்துடும்."

"அந்த மூச்சு விடற நேரத்தத்தான் பாக்கணும்னு சொல்றேன்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, அது நான் எழுதினது. ஒண்ணும் ஆகாது. வாடிக்கையாளர் முன்னாடி என் மானத்தை வாங்காத."

டிரம் அக்கா கதவைச் சாத்தினார். மேனேஜர் ஓட்டச் சொல்லித் தலையசைத்தார். அதற்குள் மேடம் சுவரோரம் போய், மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி, சிவப்புப் பூட்டை மாட்டி அழுத்தினார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த துணித் தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். "இது எங்க மெஷினுங்க மேடம்."

"ஆமா. பூட்டு என்னோடது."

"உங்க நிறுவனத்துக்கு இனிமே இங்க வேலை இருக்காது. மத்த ரெண்டு ஆலையும் எங்களோடதுதான். அங்கயும் இருக்காது."

மேடம் அண்ணனைப் பார்த்தார். அந்த இரண்டு ஆலைகளை நம்பித்தான் அண்ணன் புதிதாக இரண்டு பேரை வேலைக்கு எடுத்திருந்தார். அது மேடத்துக்கும் தெரியும். இருந்தும் தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அண்ணன் நேரே வந்து கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க மேடம்."

"எங்க, இன்னொரு தடவை கேளு."

"சாவியைக் குடு."

"பூட்டுச் சாவிய எவன் கேட்டாலும் குடுக்காத, நானே கேட்டாலும் குடுக்காதன்னு முதல் நாள் சொன்னது யாரு?"

"அது வேற, பாப்பா."

"என்ன வேற? நானே கேட்டாலும்னு சொன்னப்ப, இந்த மாதிரி ஒரு நாளத்தானே நினைச்சுச் சொன்ன?"

அண்ணனின் கை நீண்டபடியே இருந்தது. அவருக்குக் கோபம், ஆனால் தன் சொல்லே எதிரில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அதைத் தள்ளிவிட முடியவில்லை. கடைசியில் அந்தக் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் திரும்பினார். "ஒரே ஒரு தடவைங்க. பாத்துடலாம். ஒண்ணும் இல்லன்னா இவங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாங்க."

"கேக்கமாட்டேன்" என்றார் மேடம், எழுந்து வந்து பூட்டைக் கழற்றியபடி.

உருளை ஓடத் தொடங்கி, முழு வேகம் பிடித்தது. தரை அதிர்ந்தது. மேடம் கைப்பிடியை இறக்கினார். பெட்டியின் விளக்குகள் அணைந்தன. மேடம் மனதுக்குள் மூன்று எண்ணி, ஏற்றினார். விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன.

டக்.

டிரம் அக்காவின் கை கதவின் பிடியில் இருந்தது. என்ன சோதனை நடக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும்தான். இருந்தாலும் கை போயிருந்தது. உள்ளே உருளை அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பது இரும்பு வழியாக அந்தக் கைக்குத் தெரிந்தது. அவர் பிடியை விட்டு, ரப்பர் உறையைக் கழற்றி, தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையோ போல.

"பொறுங்க அக்கா" என்றார் மேடம். அன்று அந்தச் சொல் மெதுவாக வந்தது.

அண்ணன் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வு அடங்கும்வரை அப்படியே நின்றார். வெகுநேரம் ஆனது போலிருந்தது. "பழசுல இப்படி ஆகாதா?" என்றார்.

"ஆகாது."

"அப்ப அவன் இதை யோசிச்சுத்தான் எழுதியிருக்கானா?"

"தெரியாது. நீ சொன்ன மாதிரி வேற வழியில்லாமக்கூட எழுதியிருக்கலாம். அவன் எதுக்கு வச்சான்ங்கறது அவன் பாடு. எடுத்தது நாம."

மேடம் மடிக்கணினியைத் துணித் தொட்டியின் மேல் வைத்து அங்கேயே மாற்றி எழுதினார். அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு படி இருந்த இடத்தில் மூன்று படி வந்தது.

"அசிங்கமா இருக்கு" என்றார் அண்ணன்.

"இருக்கட்டும்."

மறுபடி ஓட்டி, மறுபடி மெயினை இறக்கி ஏற்றினார்கள். விளக்குகள் விழித்தன; பூட்டு வாய் திறக்கவில்லை. உருளை அடங்கி, அதன் பிறகும் ஓர் அமைதி கடந்து, டக் என்றது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே வண்டி நின்றுகொண்டிருந்தது.

"கரன்ட் போறப்பல்லாம் இப்படி முழு நிமிஷம் நிக்கணுமா மேடம்? பாதியாக் குறைச்சா என்ன?"

"சென்சார் எப்ப வாங்குவீங்க?"

"அதான், அடுத்த வருஷம்..."

"அப்ப குறைக்கறதும் அடுத்த வருஷம்."

சாமான்களைக் கட்டினார்கள். மேனேஜரும் அண்ணனும் வாசலருகே பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டு ஆலைகளைப் பற்றி மேனேஜர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மேடம் கருவிப் பையைத் தோளில் மாட்டி, டிரம் அக்காவிடம் போனார். சிவப்புப் பூட்டை அவருடைய மேலங்கிப் பைக்குள் போட்டார். பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். இது எதற்கு என்பது போல டிரம் அக்கா பார்த்தார். மேடம் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் இருந்த துளையைக் கண்ணால் காட்டிவிட்டு நடந்தார்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். கார் தொழிற்சாலையின் பெரிய கதவைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

"எனக்குக் குடுக்கல. பெத்த அம்மா கேட்டாலும் குடுக்கமாட்ட. அந்தம்மாவுக்கு எதுக்கும்மா குடுத்த?"

மேடம் காலடியில் இருந்த பைக்குள் கையை விட்டு, இன்னும் உறை பிரிக்காத பூட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளை டேப்பைப் பல்லால் கிழித்து அதன்மேல் ஒட்டி, பேனாவைத் திறந்தார். கார் மேடு பள்ளத்தில் குலுங்கியது. எழுதுவதற்குத் தோதாகச் சாலை சமமாகும்வரை, பேனா முனையை டேப்புக்கு மேலே தொடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.